ஆசிரியர் இல்லாத ஆறு நாட்கள்: இசைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் தங்கள் பள்ளியின் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்பட்ட சுற்றறிக்கையில் உள்ள முடிவுகளை ஏற்க இயலாததால் இம்மடலை எழுதுகிறேன். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பியானோ வகுப்பில் பெற்றோர் ஓரமாக உட்கார்ந்திருக்க இதுவரை இருந்த அனுமதியை ரத்துசெய்திருக்கிறீர்கள். ஆசிரியர் வாராவாரம் கைப்பட எழுதித் தந்த பயிற்சிக் குறிப்பேட்டை நிறுத்திவிட்டு, வீட்டில் வாசிக்கும் நிமிடங்களை எண்ணும் செயலி ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு 45 நிமிடம் பதிவாகாத குழந்தையின் பெயர் கிரேடு தேர்வுக்கு, அதாவது படிநிலை இசைத் தேர்வுக்கு, அனுப்பப்பட மாட்டாது என்றும், வீட்டுப் பயிற்சிக்கு முழுப் பொறுப்பு பெற்றோரே என்றும் அதே சுற்றறிக்கை முடிகிறது. வகுப்பறையிலிருந்து எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அங்கே நடந்ததன் தொடர்ச்சியை வீட்டில் நடத்தித் தரும் பொறுப்பை மட்டும் எங்கள் தலையில் வைப்பது எந்த வகையில் நியாயம் என்று கிளை மேலாளரிடம் கேட்டேன். தலைமை அலுவலகத்தின் முடிவு என்றார். தலைமை அலுவலகத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

தங்கள் பள்ளியில் என் மகளுக்கு வகுப்பு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். அவளுக்கு எட்டு வயது. இரண்டாம் ஆண்டாகக் கற்றுவருகிறாள். மற்ற ஆறு நாட்களும் அவள் பியானோவுக்கு முன்னால் உட்கார்வது நங்கநல்லூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில்தான். அங்கே ஆசிரியர் இல்லை, நான்தான் இருக்கிறேன். நான் இளமையில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவள். மேற்கத்திய இசையைக் கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனை மகளோடு தங்கள் வகுப்பறையின் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். என்னைப் போன்ற பெற்றோரே தங்கள் பள்ளியில் பெரும்பான்மையினர் என்பது தாங்கள் அறியாததல்ல. பியானோ தெரிந்த தாய்தந்தையர் உள்ள வீடுகளுக்கு இந்தச் சுற்றறிக்கையால் பெரிய நட்டம் இல்லை. தெரியாத வீடுகளுக்குத்தான் கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

கதவு சாத்தியதால் என்ன ஆயிற்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சி மேஜர் ஸ்கேலை, அதாவது சி-யில் தொடங்கும் ஸ்வர வரிசையை, வலக்கையால் ஏறி வாசிக்கும்போது, மூன்றாம் விரல் வரை வந்ததும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து நான்காவது ஸ்வரத்தைப் பிடிக்கிறது. எஃப் மேஜரில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே நான்காவது ஸ்வரம் பி ஃப்ளாட், அதாவது கறுப்புக் கட்டை. ஆகவே அதை நான்காம் விரலால் தொட்ட பிறகுதான் கட்டைவிரல் அடியில் புகுந்து அடுத்துள்ள சி கட்டைக்குப் போக வேண்டும். என் மகள் புதிய விதி வந்த பிறகு நடந்த வகுப்பில் இந்த ஸ்கேலைக் கற்றுவந்தாள். வீட்டில் உட்கார்ந்ததும் கை பழகிய வழியிலேயே, சி மேஜரின் விரல்முறையிலேயே போயிற்று. கட்டைவிரல் கறுப்புக் கட்டையின் மேல் ஏறி வழுக்கியது, மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியது, ஆனால் ஸ்வரங்கள் என்னவோ சரியாகவே ஒலித்தன. எனவே சமையலறையில் இருந்த எனக்கும் குறை தெரியவில்லை, நிமிடங்களை மட்டுமே எண்ணும் செயலிக்கும் தெரியவில்லை. வாரம் முழுவதும் அந்தத் தவறான விரல்முறை கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த வகுப்பின் பெரும்பகுதி அதை அழிப்பதில் கழிந்தது. செயலியில் அந்த வாரம் அவளுக்கு எல்லா நாளும் பச்சை நிறம். "எஃப் மேஜர், வலக்கை: நான்காம் விரல் கறுப்பில்" என்று குறிப்பேட்டில் ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அல்லது அந்த ஐந்து நிமிடம் நான் உள்ளே இருந்திருந்தால் போதும்.

முன்பு நான் உள்ளே இருந்த நாட்களில் தெரிந்துகொண்டவை எல்லாம் இத்தகைய சின்னச் சின்ன விஷயங்கள்தாம். முதல் மாதத்தில் மகளின் கால்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்ததை ஆசிரியர் எனக்குக் காட்டினார். கால் ஊன்றாவிட்டால் உடல் முன்னால் சரியும், உடலைத் தாங்கத் தோள் இறுகும், தோள் இறுகினால் விரல் கனக்கும் என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து, பண்டிகைக்கு மட்டும் வெளியே எடுக்கும் மணைப்பலகைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அவள் பாதங்களுக்குக் கீழே வைத்தேன். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும் என்று அவர் சொன்னதால் நாற்காலியின் மேல் மடித்த ஜமக்காளம் ஒன்றும் வந்தது. வாசிப்பின் ஒலியே ஒரு வாரத்தில் மாறிவிட்டது. இதை எந்தச் செயலி எனக்குச் சொல்லியிருக்கும்? எட்டு வயதுக் குழந்தையிடம் "இன்று டீச்சர் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டால், "நல்லா வாசிச்சேன்னு சொன்னாங்க" என்பதற்கு மேல் பதில் வராது. குழந்தையிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தவறு.

பெற்றோர் உள்ளே இருப்பதால் குழந்தையின் கவனம் சிதறுகிறது என்று சுற்றறிக்கை காரணம் கூறுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசிரியர் குழந்தையிடம் கேட்கும் கேள்விக்குப் பின்னாலிருந்து பதில் சொல்லும் தந்தையரையும், வகுப்பு முழுவதையும் கைப்பேசியில் படம் பிடித்து உறவினர் குழுவில் போடும் தாயரையும் நானும் பார்த்திருக்கிறேன். தவறு நேரும்போதெல்லாம் "ப்ச்" என்று உச்சுக்கொட்டும் பெற்றோருக்கு முன்னால் எந்தக் குழந்தைக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அவர்களைக் கண்டிக்க ஆசிரியருக்கு அதிகாரம் கொடுங்கள். பேசக் கூடாது, கைப்பேசியை எடுக்கக் கூடாது என்று விதி போடுங்கள். மீறுபவரை வெளியே அனுப்புங்கள். சிலர் செய்யும் தொல்லைக்காக எல்லோரையும் வெளியேற்றுவது நிர்வாகத்துக்கு எளிதான வழியாக இருக்கலாம், குழந்தைக்கு நல்ல வழியாகாது.

இதில் புதுமை எதுவும் கேட்கவில்லை. ஜப்பானைச் சேர்ந்த ஷினிச்சி சுஸூகி (1898–1998) வயலினில் தொடங்கி, பின்னர் பியானோவுக்கும் விரிந்த தம் கற்பித்தல் முறையில், பெற்றோர் வகுப்பில் உடனிருந்து பார்த்து, வீட்டில் ஆசிரியரின் இடத்தை நிரப்ப வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்தார். குழந்தைக்கு முன்னதாகவே பெற்றோர் அந்தக் கருவியில் சிறிது வாசிக்கப் பழக வேண்டும் என்பதும் அம்முறையில் உண்டு. இன்னும் பின்னால் போனால், ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹ் 1720இல் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவனுக்கென்று ஒரு பாட நோட்டைத் தொடங்கினார். ஸ்வரங்களின் பெயர்களையும் ஸ்வரங்களை அழகுபடுத்தும் அலங்காரங்களை வாசிக்கும் விதத்தையும் விளக்கிய பிறகு வரும் முதல் உருப்படியிலேயே எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று எண்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பாஹ் போன்ற மேதையின் மகனுக்கே விரல் எண்ணை எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்கிறீர்கள்.

நம் ஊர்ப் பாட்டு வகுப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்வரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, வீட்டில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் பாடவைத்த அம்மாக்களால்தான் என் தலைமுறையில் பலருக்குச் சங்கீதம் ஒட்டியது. என் பாட்டு டீச்சர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும், என் அம்மாவை வாசலில் நிறுத்தவேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

செயலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுதல் அங்கேதான் அதிகம். அது கைப்பேசியின் ஒலிவாங்கி வழியாகப் பியானோவின் ஒலியைக் கேட்டு நிமிடங்களைக் கூட்டுகிறது. எதை வாசிக்கிறார்கள், எப்படி வாசிக்கிறார்கள் என்பது அதற்குப் பொருட்டல்ல. ஒலி நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். நிதானமாகத் தாளைப் பார்த்து யோசிப்பது, விரலை மட்டும் கட்டையின் மேல் அழுத்தாமல் வைத்துப் பார்ப்பது, வாசிப்பதற்கு முன் கைதட்டிக் கணக்கைச் சரிபார்ப்பது போன்ற, பயிற்சியில் மிகவும் பயனுள்ள கணங்களெல்லாம் அதன் கணக்கில் வீண் நேரம். குழந்தைகள் முட்டாள்கள் அல்லர்; எது எண்ணப்படுகிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். என் மகள் இப்போது தனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பத் தலையிலிருந்து கால்வரை வாசிக்கிறாள். 45 என்ற எண் திரையில் தெரிந்த நொடியில், பாட்டின் நடுவில், பார் என்னும் தாளப் பகுதி முடியும்வரைகூடக் காத்திராமல், கையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். முன்பெல்லாம் இரவு உணவுக்கு அழைத்தால், "இந்த வரியை முடிச்சுட்டு வரேம்மா" என்று சொன்ன குழந்தை இவள். வேறொரு வீட்டில், வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் தாய் ஒருவர், யூடியூபில் பியானோ இசையை ஓடவிட்டுச் செயலியை நிரப்புவதாக வெட்கத்தோடு என்னிடம் சொன்னார். வாராவாரம் வாட்ஸ்அப் குழுவில் தாங்கள் வெளியிடும் தரவரிசையில் அந்தக் குழந்தைக்கு உயர்ந்த இடம் கிடைத்திருக்கிறது. அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

பெற்றோர் குழந்தையின் பெயரில் பயிற்சிக் கணக்கு எழுதுவதற்கு இசை வரலாற்றிலேயே ஒரு முன்னோடி உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீட்ரிஷ் வீக் என்ற ஜெர்மானியப் பியானோ ஆசிரியர், பிற்காலத்தில் க்ளாரா ஷூமன் என்ற பியானோ கலைஞராக உலகப் புகழ்பெற்ற தம் மகள் சிறுமியாக இருந்தபோது, 1827இல் அவளுக்கு ஒரு நாட்குறிப்பைத் தொடங்கி, "நான்" என்று அவள் குரலிலேயே பல ஆண்டுகள் தாமே எழுதிவந்தார். தங்கள் செயலியின் "இன்று நான் எப்படி வாசித்தேன்" என்ற கட்டத்தை இரவு பத்து மணிக்கு நிரப்பும்போது எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

45 நிமிட விதிக்கு ஆதாரமாக, 10,000 மணி நேரம் பயின்றால் எவரும் மேதையாகலாம் என்று ஆய்வுகள் கூறுவதாகச் சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணுக்கு மூலமாகக் காட்டப்படுவது உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு. அது பெர்லின் இசைக் கல்லூரியில் பயின்ற வயலின் மாணவர்களைப் பற்றியது. எட்டு வயதுக் குழந்தைகளைப் பற்றியது அல்ல. அதிலும் அவர்கள் வலியுறுத்தியது மணிக்கணக்கை அல்ல; குறிப்பிட்ட ஒரு குறையைத் திருத்தும் நோக்கத்தோடு, முழுக் கவனத்தோடு, ஆசிரியர் வகுத்துக் கொடுத்த வழியில் செய்யும் பயிற்சியையே. தம் ஆய்வு ஒரு மந்திர எண்ணாகச் சுருக்கப்பட்டதை எரிக்ஸனே பின்னாளில் மறுத்து எழுதினார். இன்னும் நெருக்கமான சான்று 2009இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக் குழுவினர் செய்த ஆய்வு. தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் ஒரு கடினமான சிறு பகுதியைக் கொடுத்துப் பயிலச் சொல்லி, மறுநாள் வாசிக்கவைத்து வரிசைப்படுத்தினார்கள். எவ்வளவு நேரம் பயின்றார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் கிடைத்த இடத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. முன்னணியில் வந்தவர்கள், தவறு எங்கே நேர்கிறது என்று துல்லியமாகக் கண்டு, அந்த இடத்திலேயே நின்று, வேகத்தைக் குறைத்து, அது திருந்தும்வரை விடாதவர்கள். தங்கள் செயலி இவர்களைத் தரவரிசையின் அடியில் வைத்திருக்கும்.

வீட்டில் எது பலன் தருகிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டும், மற்ற பெற்றோரோடு பேசியும், செய்துபார்த்தும் நாங்கள் ஓரளவு அறிந்துவைத்திருக்கிறோம். எட்டு வயதில் ஒரே மூச்சில் 45 நிமிடம் உட்கார்ந்தால் கடைசி இருபது நிமிடம் வெறும் ஒலிதான். பள்ளியிலிருந்து வந்து பால் குடித்து, வீட்டுப்பாடத்தைத் திறப்பதற்கு முன் 15 நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு 10 நிமிடம். இவை நாள் தவறாமல், அதே நேரத்தில், தொலைக்காட்சி அணைந்திருக்க, நடந்தால் போதும். ஞாயிறன்று மட்டும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து வாரக் கணக்கைச் சரிக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பாட்டை எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கும் பழக்கத்தை உடைத்து, தடுக்குகிற இரண்டு பார்களை மட்டும் முதலில் எடுத்து, வலக்கை தனி, இடக்கை தனி, பிறகு இரண்டும் சேர்த்து, வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைக் குறைத்துவைத்து வாசிக்கவைக்க வேண்டும். இதற்கு எந்த இரண்டு பார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பேட்டில் ஆசிரியர் பென்சிலால் வட்டமிட்டுத் தந்தபோது தெரிந்தது, இப்போது தெரியவில்லை.

பெற்றோர் செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. அவற்றையும் தங்கள் ஆசிரியர்தான் எங்களுக்குச் சொன்னார். சமையலறையிலிருந்து "தப்பு, தப்பு" என்று குரல் கொடுக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கச் சில நொடிகள் விட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த கிரேடு என்ற பேச்சை எடுக்கவே கூடாது. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது அவர் பியானோவை அசுர வேகத்தில் வாசித்த காணொளி எல்லா வீட்டிலும் ஓடியது. அதைப் போட்டுக்காட்டி "பார், எப்படி வாசிக்கிறான்" என்று சொன்ன வீடுகளில் பிள்ளைகள் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தாளத்தை விட்டார்கள் என்று ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். பயிற்சி முடிந்ததும் "எனக்காக ஒரு தடவை வாசி" என்று கேட்டு, கைவேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பது ஒன்றே பெற்றோரின் முக்கியமான வேலை என்பார். இவ்வளவு தெரிந்த ஆசிரியர்களை வைத்துக்கொண்டு, அவர்கள் எங்களோடு பேசும் வாய்ப்பைத் தாங்கள் அடைத்திருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வகுப்புகளை இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து அடுக்கியிருப்பதால் குறிப்பெழுத நேரம் இல்லாமல் போயிருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அதுதான் காரணம் என்றால் அதைத் திருத்த வேண்டியது கால அட்டவணையில்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் பள்ளியில் பெரும்பாலான குழந்தைகள் எழுதும் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் செய்முறை கிரேடு தேர்வில் மொத்த மதிப்பெண் 150. தேர்ச்சிக்கு 100 வேண்டும். மூன்று பாட்டுகளுக்குத் தலா 30 வீதம் 90. மீதி 60 மதிப்பெண், ஸ்கேல்களுக்கு 21, முன்பின் பார்க்காததை வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுச் சொல்லும் ஆரல் டெஸ்ட்டுக்கு 18 என்று பிரிந்திருக்கிறது. அந்த மூன்று பாட்டுகளையே ஆண்டு முழுவதும் அரைத்து நிமிடக் கணக்கை நிரப்பும் குழந்தைக்கு இந்த 60 எங்கிருந்து வரும்? இவற்றில் பெற்றோர் மிக எளிதாக உதவக்கூடியது ஆரல் டெஸ்ட்தான், ஆனால் அதில் என்ன கேட்பார்கள் என்பதையே பெரும்பாலான பெற்றோருக்குப் பள்ளி சொன்னதில்லை. முதல் கிரேடில், வாசிக்கப்படும் இசைக்குக் கைதட்டி, அது இரண்டாக நடக்கிறதா மூன்றாக நடக்கிறதா என்று சொல்ல வேண்டும். இது என் மாமியாருக்குக் கைவந்த கலை. வானொலியில் எந்தப் பாட்டு வந்தாலும் தொடையில் தட்டி, "இது தகதிமியா, தகிடவா, சொல்லு பார்க்கலாம்" என்று பேத்தியைக் கேட்பார். பியானோவையே தொட்டறியாத எழுபது வயதுப் பெண்மணி தேர்வின் ஒரு பகுதிக்குக் குழந்தையைத் தயார்செய்துகொண்டிருக்கிறார். தங்கள் செயலியில் அதற்கு ஒரு நிமிடம்கூடப் பதிவாகாது. சைட் ரீடிங்கும் அப்படியே. தேர்வில் வாசிக்கும் முன் அரை நிமிடம் பார்த்துக்கொள்ள அனுமதிப்பார்கள். நாளுக்கு ஒரு புதிய நான்கு பார் வரியைக் கொடுத்து, அந்த அரை நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் பழக்கலாம். அதற்கும் பயிற்சி வரிகளைப் பள்ளி கொடுத்தால்தான் உண்டு.

கருவியைப் பற்றியும் பள்ளி மௌனம் சாதிக்கிறது. சேர்க்கையின்போது "சாதாரண கீபோர்டு போதும்" என்றே எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. 61 கட்டைகள் கொண்ட, அழுத்தக் கனமில்லாத கட்டைகளுள்ள கீபோர்டில் முதல் சில மாதங்கள் ஓட்டலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் 1700ஆம் ஆண்டை ஒட்டி ஃப்ளாரன்ஸில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி இந்தக் கருவியை உருவாக்கியதே விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடவும் குறையவும் வேண்டும் என்பதற்காகத்தான். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலி. அதில் வீட்டில் பழகிய குழந்தை பள்ளியின் பியானோவில் உட்கார்ந்ததும் கட்டை அழுந்தவில்லை என்று திணறுகிறது. "வீட்டில் பயிற்சி போதவில்லை" என்று பெற்றோருக்குச் செய்தி வருகிறது. கனமுள்ள 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவுக்கு அரை லட்சம் ரூபாயை ஒட்டிச் செலவாகும். எல்லா வீடுகளாலும் அது முடியாது. அதே வேளையில் தங்கள் கிளைகளின் பயிற்சி அறைகள் வார நாட்களின் முற்பகலில் பூட்டியே கிடக்கின்றன. பள்ளி விடுமுறைக் காலத்திலும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கட்டைகள் சில எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும் பழைய நிமிர் (அப்ரைட்) பியானோவானாலும், குழந்தையின் விரலுக்கு அது கீபோர்டைவிட எவ்வளவோ மேல்.

மேற்கண்டவற்றின் அடிப்படையில் நான் கேட்பவை இவை.

12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வகுப்பில் கடைசி பத்து நிமிடமேனும் பெற்றோர் ஒருவர் உள்ளே அமைதியாக அமர்ந்திருக்க மீண்டும் அனுமதியுங்கள். தாய்தந்தையர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் தாத்தா பாட்டிக்கும் இதே அனுமதி வேண்டும். தனியாக வாசிப்பதையே விரும்பும் குழந்தை இருந்தால் ஆசிரியரின் முடிவுக்கு விட்டுவிடலாம்.

பயிற்சிக் குறிப்பேட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த வாரம் எந்த பார்கள், எந்த வேகம், எந்த விரல்முறை, எதை வீட்டில் இப்போதைக்குத் தொட வேண்டாம் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். அதை எழுத ஆசிரியருக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் இடையே ஐந்து நிமிடம் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். அவருடைய ஊதியத்தில் அது கழிக்கப்படக் கூடாது.

நிமிடக் கணக்கைக் கிரேடு தேர்வுக்கான நிபந்தனையிலிருந்து நீக்குங்கள். குழந்தை தேர்வுக்கு ஆயத்தமா என்பதை அவளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் சொல்லட்டும். செயலி வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், கட்டாயம் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் குழந்தைகளின் பெயரோடு தரவரிசை வெளியிடுவதை உடனடியாக, பருவம் முடியும்வரை காத்திராமல், நிறுத்துங்கள்.

பருவத்துக்கு ஒரு முறை பெற்றோருக்கென்று ஒரு மணி நேரக் கூட்டம் நடத்தி, உட்காரும் முறை, விரல் எண்கள், மெட்ரோனோமை இயக்கும் விதம், ஆரல் டெஸ்ட்டில் கேட்கப்படுபவை, வீட்டில் பயிற்சியின்போது பேச வேண்டியவை, பேசக் கூடாதவை ஆகியவற்றை ஆசிரியர்களைக் கொண்டே தமிழில் விளக்கச் செய்யுங்கள். சேர்க்கைப் படிவத்திலேயே எந்த நிலைக்கு எத்தகைய கருவி தேவை என்பதை எழுதித் தாருங்கள். வீட்டில் தகுந்த கருவி இல்லாத மாணவர்களுக்குப் பயிற்சி அறைகளை வார நாட்களிலும் விடுமுறையிலும் கட்டணமின்றித் திறந்துவிடுங்கள்.

அடுத்த பருவக் கட்டணம் செலுத்த வேண்டிய கடைசி நாளுக்கு முன்னதாக இவற்றுக்கு எழுத்து வடிவில் பதில் வேண்டும். இம்மடலோடு உடன்படும் மற்ற பெற்றோரும் அதுவரை கட்டணத்தை நிறுத்திவைக்க எண்ணியிருக்கிறார்கள் என்பதையும், ஆசிரியர்கள் முன்னிலையில் தங்களோடு நேரில் பேச நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியில் பியானோ பயிலும் மாணவி ஒருத்தியின் தாய்
நங்கநல்லூர், சென்னை